முதியவர்களும் நடக்கலாம்

அத்தியாயம் 14

கடிதம் ஐந்து நாளாக பிரிஸ்காவின் கைப்பையிலேயே இருந்தது.

கூச்சிங்கிலிருந்து ஒரு நாள் பயணத்தில் இருக்கும் பிந்துலுவில், தண்ணீர் ஆய்வகத்துக்கு அவளைத் தலைமைப் பொறுப்பில் போடுகிறார்கள். வருகிறேன், இல்லை வரவில்லை என்று திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். இரண்டு வருடம் முன்பும் இப்படி ஒரு கடிதம் வந்தது. அப்பாய்க்கு, அவளுடைய தகப்பனாருக்கு, பக்கவாதம் வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்த நேரம். வரவில்லை என்று எழுதிக் கொடுத்தாள். இந்த முறையும் அப்படியே எழுதினால், மூன்றாவது முறை யாரும் கேட்கமாட்டார்கள்.

தம்பி ஜாராவ் ஜோகூரிலிருந்து வந்தும் ஐந்து நாள். விமான நிலையத்தில் அவனைப் பார்த்த நிமிடமே கேட்டுவிட வேண்டும் என்றுதான் அவள் கிளம்பிப் போனாள். திங்களன்று அவன் களைத்திருந்தான். செவ்வாயும் புதனும் பழைய நண்பர்கள் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். வியாழனன்று சொல் நாக்கு நுனிவரை வந்தது, அறையிலிருந்து அப்பாயும் வந்துவிட்டார். வெள்ளியன்று அவளே களைத்திருந்தாள்.

ஞாயிறு மாலை அவனுக்கு விமானம். கையில் மிச்சம் இருந்தது சனிக்கிழமை மட்டும்.

கேட்க வேண்டியது ஒரே வரி. அப்பாயை நீ கொஞ்ச நாள் பார்த்துக்கொள். நாற்பத்தொரு வயதில் ஒரு வரியைச் சொல்ல இத்தனை யோசனையா என்று அவளுக்கே அலுப்பாக இருந்தது. தொலைபேசியில் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டாள். வயசானா அப்படித்தானே அக்கா என்பான். அதனால் சொல்வதை விட்டுவிட்டு, காட்டிவிடலாம் என்று முடிவு செய்தாள்.

தஞ்சோங் ராசோங் காப்பகம் கூச்சிங்கிலிருந்து காரில் அரை மணி. கடலோரச் சேற்றுக்காடு. உள்ளே ஒரு வட்டப் பாதை. முக்கால் பங்கு மரப்பலகை, கால் பங்கு மண். ஆயிரத்து முந்நூறு மீட்டர். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. சனி, ஞாயிறுகளில் பாதி ஊர் பிள்ளை குட்டிகளோடு அங்கேதான் நடக்கும்.

வெள்ளியன்று, வேலை முடிந்த கையோடு பிரிஸ்கா தனியாக ஒருமுறை போய் அந்தப் பாதையை நடந்து பார்த்து வந்தாள். ஐந்து பெஞ்சுகள். ஒவ்வொன்றும் எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டாள். வீட்டுத் தெருவை ஒரு சுற்று வர அப்பாய்க்கு இருபத்திரண்டு நிமிடம் ஆகும். அது நானூறு மீட்டர்தான். அப்படிப் பார்த்தால் இரண்டாவது பெஞ்சில் மூச்சு வாங்கும். மூன்றாவதில் இடது கால் இழுக்கும். நாலாவதில் ஜாராவ் தானாகவே கேட்பான், இவரை வச்சுகிட்டு நீ எப்படிக்கா சமாளிக்கற என்று.

அதற்கப்புறம் அந்த ஒரு வரி சுலபம்.

பெற்ற தகப்பனைச் சோதனைக் குழாயில் ஊற்றிப் பார்ப்பதுபோல் ஓர் உறுத்தல் இருக்கத்தான் செய்தது. களைப்பு பெரிதாக இருக்கும்போது உறுத்தல் சின்னதாகிவிடுகிறது.

*

சனிக்கிழமை காலை ஏழே காலுக்கு கார் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. பத்து மணிக்கு மேல் வெயில், பன்னிரண்டுக்கு மேல் மழை. சீக்கிரம் போனால்தான் நடக்க முடியும்.

அப்பாயை முன்னிருக்கையில் உட்கார வைத்து, பெல்ட்டை மாட்டிவிட்டு பிரிஸ்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபோது, பக்கத்து வீட்டிலிருந்து செண்டி அத்தை தட்டோடு வந்தாள். அப்பாயின் தங்கை. கணவர் போனபின் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு வந்துவிட்டவள். தட்டில் ஈரி. அரிசி மாவும் பனை வெல்லமும் பிசைந்து, வளையமாகப் பொரித்த பலகாரம். ஆவி பறந்துகொண்டிருந்தது.

நேரமில்லை அத்தை, வந்து சாப்பிட்டுக்கலாம் என்றாள் பிரிஸ்கா.

சரி, தொட்டுட்டாவது கிளம்புங்க என்றாள் அத்தை.

நீட்டிய உணவைத் தொடாமல் வழிக்குக் கிளம்பினால் அது பூனி. போகிற இடத்தில் பாம்போ பூரானோ, கால் தவறி விழுவதோ காத்திருக்கும். சாப்பிட நேரமில்லாதவர்கள் விரலால் தொட்டு உதட்டில் ஒற்றிக்கொண்டால் தீர்ந்தது. சர்ச்சுக்குப் போகிறவர்களும் செய்வார்கள், பல்கலைக்கழகம் போனவர்களும் செய்வார்கள். பின்சீட்டிலிருந்து ஜாராவ் கையை நீட்டி ஒற்றிக்கொண்டான். பிரிஸ்காவும் ஜன்னல் வழியாக ஒரு விரலை நீட்டித் தொட்டு உதட்டில் வைத்துக்கொண்டாள். அத்தை தட்டோடு காரைச் சுற்றி அப்பாய் இருந்த பக்கம் வருவதற்குள், ஏசி குளிர் போகிறதே என்று பிரிஸ்கா எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டாள். கதவைப் பூட்டிட்டு வாங்க அத்தை, மணியாகுது என்றாள்.

அத்தை முணுமுணுத்துக்கொண்டே தட்டை உள்ளே வைத்துவிட்டு, குடையும் தண்ணீர் பாட்டிலுமாக வந்து ஏறினாள்.

*

காப்பகத்தின் நுழைவாயிலில் பச்சைப் பலகை. வட்டப் பாதை, 1300 மீட்டர், 45 நிமிடம். சிறுவர்களும் முதியவர்களும் நடக்கலாம்.

அப்பாய் அதை நின்று படித்தார். முதியவர்னா யாரு, இவளா என்று அத்தையைக் காட்டி ஜாராவிடம் கேட்டார்.

ஊன்றுகோலை பிரிஸ்கா காரிலிருந்து எடுத்தாள். வேண்டாம் என்று கையசைத்தார். மூன்று முறை நீட்டினாள். மூன்றாவது முறை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகனின் தோளில் வலது கையைப் போட்டுக்கொண்டு பலகைப் பாதையில் ஏறினார்.

நடந்தார்.

நடந்தார் என்றால், பிரிஸ்கா இரண்டு வருடத்தில் பார்க்காத நடை. முதுகு நிமிர்ந்திருந்தது. முப்பது வருடம் பாராம் ஆற்றுப் பக்கத்து மர முகாம்களில் புல்டோசர் ஓட்டியவரின் பழைய தோள் எங்கிருந்தோ திரும்பி வந்திருந்தது. முதல் பெஞ்சை அவர் பார்க்கவேயில்லை. இரண்டாவது பெஞ்சில் ஒரு சீனக் குடும்பம் உட்கார்ந்து ஆவியில் வெந்த பாவ் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர்களுக்குக் காலை வணக்கம் சொல்லி, குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டு, நிற்காமல் போனார்.

மூச்சு வாங்கியது அத்தைக்குத்தான். ஒவ்வொரு பெஞ்சிலும் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளைத் தனியாக விட முடியாமல் பிரிஸ்காவும் உட்கார்ந்தாள். அப்பாயும் ஜாராவும் முன்னே போய்க்கொண்டேயிருந்தார்கள்.

பலகைக்குக் கீழே சேறு மினுங்கியது. சேற்றுமீன்கள் துடுப்பால் தவழ்ந்து ஒன்றை ஒன்று விரட்டின. தூரத்தில் ஒரு மரம் முழுக்க ராசோங் குரங்குகள், தொங்கும் மூக்கும் தொப்பையுமாக. அப்பாய் மகனிடம் ஏதோ சொல்வதும் ஜாராவ் வாய்விட்டுச் சிரிப்பதும் கேட்டது. நாப்பது வருஷமா அதே ஜோக்குதான், உன் சித்தப்பன் மூக்கைப் பத்தி, என்றாள் அத்தை.

பிரிஸ்காவும் அந்த ஜோக்கைக் கேட்டு வளர்ந்தவள்தான். அவளிடம் அவர் அதைச் சொல்லி இரண்டு வருடமாகிறது. வீட்டில் அவரும் அவளும் பேசிக்கொள்வது மாத்திரை, சர்க்கரை, கழிவறை. மிச்ச நேரம் தொலைக்காட்சி.

மூன்றாவது பெஞ்சருகே ஜாராவ் அவளுக்காகக் காத்திருந்தான். அப்பாய் கைப்பிடியில் சாய்ந்து நண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தானே நடக்கறாரு," என்றான். "நீ போன்ல சொன்னதைக் கேட்டு நான் பயந்தே போயிட்டேன் அக்கா."

பிரிஸ்கா பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"உனக்குத்தான் ஓய்வு வேணும்போல இருக்கு. முகத்தைப் பாரு. நீ கொஞ்சம் வெளிய போய் வரணும். இந்த மாதிரி எங்கயாவது."

வெளியே போகத்தான் கேட்கிறேன் என்று சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது. வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பாய், டேய் வாடா, அந்த வளைவுல முதலை படுத்திருக்கும் என்று கூப்பிட்டார். அவன் போய்விட்டான்.

வந்த விருந்தாளிக்கு ஒரு கால், வீட்டிலிருப்பவளுக்கு ஒரு கால். ஆய்வகத்தில் இப்படி நடந்தால் மாதிரி கெட்டுவிட்டது என்று கொட்டிவிட்டு மறுபடி எடுக்கலாம். இங்கே மறுபடி எடுக்க நாள் இல்லை.

அவர் நன்றாக நடப்பது அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை என்பதுதான் அவளை அதிகம் களைப்பாக்கியது.

*

நாலாவது பெஞ்சைத் தாண்டியதும் பலகை முடிந்து மண்பாதை தொடங்குகிறது. அங்கே ஓர் இறங்குபடி. ஒரு சாண் உயரம் இருக்காது.

பிரிஸ்கா வளைவுக்குப் பின்னால் அத்தையின் குடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முதலில் காதில் பட்டது விழுந்த சத்தம் இல்லை. ஜாராவ் பேசிக்கொண்டிருந்தது பாதியில் நின்றது. அப்புறம் அவன் குரல், அப்பாய், அப்பாய் என்று.

அவள் ஓடினாள்.

அவர் முழங்காலும் உள்ளங்கைகளுமாக மண்ணில் கிடந்தார். வலது முழங்காலில் தோல் உரிந்து ரத்தம். ஜாராவ் அவருடைய அக்குளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தான், உடம்பு வரவில்லை. அப்படித் தூக்காதே என்று பிரிஸ்கா சொன்னாள். பின்னால் போய், இடுப்பைச் சுற்றிக் கையைக் கொடுத்து, தன் முழங்காலை அவருக்கு முட்டுக் கொடுத்து, ஒரே அசைவில் அவரை இறங்குபடியில் உட்கார வைத்தாள். கைப்பையிலிருந்து பஞ்சும் மருந்தும் எடுத்தாள். அப்புறம் ஒரு நீலச் சட்டையை எடுத்து, அதன் கைகள் இரண்டையும் அவர் இடுப்பைச் சுற்றி முடிந்து, முன்பக்கம் மறையும்படி தொங்கவிட்டாள். கால்சட்டை நனைந்திருந்தது. கடந்துபோன ஒரு மலாய்க் குடும்பம் உதவி வேண்டுமா என்று கேட்பதற்குள் அது மறைந்துவிட்டது.

ஜாராவ் பார்த்துக்கொண்டிருந்தான்.

அத்தை மெதுவாக வந்து சேர்ந்தாள். அண்ணனைப் பார்த்தாள், முழங்காலைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள்.

"பூனி. வேற என்ன. அண்ணன் தொடல. நான் தட்டை எடுத்துட்டு அந்தப் பக்கம் போறதுக்குள்ள இவ கண்ணாடியை ஏத்திட்டா."

"அத்தை," என்றாள் பிரிஸ்கா.

"என்ன அத்தை? ஒரு விரல் தொட எவ்வளவு நேரம் ஆகும்? என் கையால நீட்டின பலகாரம். இப்ப எனக்குத்தானே கெட்ட பேரு."

ஜாராவ் எழுந்து நின்றான். அவன் முகத்தில் பயமும் கோபமும் கலந்திருந்தன. அந்தக் கோபத்துக்கு ஓர் இடம் தேவைப்பட்டது.

"ஒரு நிமிஷம் நின்னிருந்தா என்ன அக்கா? இவ்வளவு நேரம் நல்லா நடந்தவரு. காலையிலேருந்து ஏறு, இறங்கு, கிளம்புன்னு ஒரே விரட்டு. எதுக்கு இந்த அவசரம் உனக்கு?"

பிரிஸ்காவுக்குத் தெரியும். நடந்து களைத்தபின் இடது பாதத்தின் நுனியைத் தூக்கச் சொல்லி மூளை அனுப்பும் உத்தரவு போய்ச் சேரவில்லை. நுனி தொங்கியது, படியில் தட்டியது, விழுந்தார். மருத்துவர் படம் போட்டே விளக்கியிருக்கிறார். அதைச் சொல்லலாம். ஆனால் இன்று காலை தானும் விரலை உதட்டில் ஒற்றிக்கொண்டவள் எந்த வாயால் பூனி இல்லை என்பாள்? கண்ணாடியை ஏற்றியது அவள் கைதான்.

எதைக் காட்ட அவள் இத்தனை தூரம் கூட்டி வந்தாளோ, அதுவேதான் நடந்திருந்தது. நடந்தும், கணக்கு அவள் பெயரில் எழுதப்பட்டுவிட்டது. வாதாட உடம்பில் சக்தி இல்லை. பஞ்சை மடித்து முழங்காலில் வைத்து ஒட்டினாள்.

"ரெண்டு தின்னேன்," என்றார் அப்பாய்.

யாருக்கும் புரியவில்லை.

"ஈரி. ரெண்டு தின்னேன். விடியறதுக்கு முன்னாடி. செண்டி குளிக்கப் போயிருந்தா, அவ வீட்டுப் பின்கதவு திறந்திருந்துச்சு." பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு வார்த்தைகள் வாயின் ஒரு பக்கமாகத்தான் வரும். களைத்தால் இன்னும் மெதுவாக வரும். "தொட்டது இல்ல. முழுசா ரெண்டு. பூனியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

அத்தை வாயைத் திறந்தபடி நின்றாள். "ரெண்டு குறையுதேன்னு பார்த்தேன். பூனைன்னுல நினைச்சேன்."

"அப்பாய், உங்களுக்குச் சர்க்கரை," என்றாள் பிரிஸ்கா. பழக்க தோஷம்.

"தெரியும்." அவர் அவளைப் பார்க்கவில்லை. மகனைத்தான் பார்த்தார். "அவளைத் திட்டாதே. கால்தான் வரல. ரெண்டாவது பெஞ்சுலயே வரல. உன் தோள்ல தொங்கிக்கிட்டு வந்தேன், உனக்குத் தெரியல."

ஜாராவ் தன் இடது தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"வீட்டுலயும் ரெண்டு தடவை விழுந்தேன். குளியலறையில. இவ வேலைக்குப் போயிருந்தா. எழுந்திருக்க அரை மணி ஆச்சு. சொல்லல."

பிரிஸ்காவின் கை ஒட்டுப் பட்டையிலேயே நின்றுவிட்டது. குளியலறைக் குவளை உடைந்து கிடந்தது ஒரு நாள். வழுக்கிவிட்டது என்று சொன்னார். எது வழுக்கியது என்று அவள் கேட்கவில்லை.

ஏன் சொல்லல என்று கேட்கத் தோன்றவில்லை. சொன்னால் அவள் வேலையை விட்டுவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

*

மிச்சம் முந்நூறு மீட்டர். ஜாராவ் குனிந்து முதுகைக் காட்டினான். அவர் மாட்டேன் என்றார். பிறகு ஏறிக்கொண்டார். வழியெல்லாம், இடது, இடது, வேர் இருக்கு, வேகத்தைக் குறை என்று வண்டி ஓட்டுவதுபோல் சொல்லிக்கொண்டே வந்தார். எதிரே வந்த குழந்தைகள் வேடிக்கை பார்த்தன. ஒரு சின்னப் பெண் தானும் அப்படி ஏற வேண்டும் என்று தன் அப்பாவிடம் அடம்பிடித்தாள்.

பிரிஸ்கா கடைசியாக நடந்தாள். தம்பியின் கழுத்தில் வியர்வை ஓடியது, ஆனால் மூச்சு வாங்கவில்லை. கப்பல் பட்டறையில் உட்கார்ந்து குழாய்களுக்கு வெல்டிங் வைக்கிறவன் இவ்வளவு தூரம் சுமந்து நடக்கிறானே என்று ஒரு கணம் நினைத்தாள். மேலே யோசிக்கவில்லை.

கார் நிறுத்துமிடத்துக்கு வந்தபோது முதல் துளிகள் விழுந்தன. மணி பத்துகூட ஆகவில்லை. அப்பாயையும் அத்தையையும் காரில் உட்கார வைத்து ஏசியைப் போட்டுவிட்டு, அக்காவும் தம்பியும் கட்டணச்சீட்டுக் கொட்டகையின் கீழ் நின்றார்கள். மழை சட்டென்று கொட்டியது. பச்சைப் பலகை மறைந்துபோயிற்று.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டான் ஜாராவ்.

"எது?"

"அந்தச் சட்டை."

"ஒரு வருஷம் இருக்கும். பையில எப்பவும் ஒண்ணு வச்சிருப்பேன்."

அவன் தலையாட்டினான். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

பிரிஸ்கா கைப்பையைத் திறந்து கடிதத்தை எடுத்து அவனிடம் கொடுத்தாள். அவன் படித்து முடிக்கும்வரை மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த ஒரு வரியை எப்படி எப்படியோ சொல்லிப் பழகியிருந்தாள். வந்தது வேறு மாதிரி.

"எனக்கு முடியலடா. அவர் மேல கோபம் இல்ல. முடியல, அவ்வளவுதான். இங்க உட்கார்ந்து இன்னொரு தடவை வேணாம்னு எழுதினா, அப்புறம் அவர் மேல கோபம் வந்துடும். அது எனக்குப் பயமா இருக்கு. ஒரு வருஷம். நீ அவரை அங்க கூட்டிட்டுப் போ, இல்ல நீ இங்க வா. எப்படின்னு எனக்குத் தெரியல. கேட்டுட்டேன்."

அவள் வாழ்நாளில் ஒரே மூச்சில் இத்தனை பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

ஜாராவ் கடிதத்தை வந்த மடிப்பிலேயே மடித்தான். திருப்பிக் கொடுத்தான்.

"நான் இங்கயே இருக்கேன்," என்றான்.

இவ்வளவு சீக்கிரம் வந்த பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை. நம்பவும் இல்லை. அவன் மனைவி யூனிஸ் என்ன சொல்வாள், பிள்ளையின் பள்ளிக்கூடம் என்ன ஆகும், நாளைக்கு விமானம் இருக்கிறதே என்று அடுக்கினாள்.

"விமானம் இல்ல. திரும்பிப் போக நான் டிக்கெட்டே எடுக்கல."

மழைச் சத்தத்திலும் சரியாகத்தான் கேட்டது.

"பட்டறையில எங்க பிரிவையே மூடிட்டாங்க அக்கா. ரெண்டு மாசம் ஆச்சு. யூனிஸுக்குத் தெரியாது. தினம் காலையில சாப்பாட்டு டப்பாவோட கிளம்புவேன். வீட்டுலேருந்து ரெண்டு பஸ் மாறினா அங்கயும் ஒரு பூங்கா. இதே மாதிரி வட்டப் பாதை. சாயங்காலம் வரைக்கும் சுத்துவேன். நேத்தைக்கு வந்தவங்களே இன்னைக்கும் வருவாங்க. வணக்கம் சொல்வாங்க. ஏதோ உடம்புக்கு நல்லதுன்னு நடக்கறேன்னு நினைச்சிருப்பாங்க."

சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

பிரிஸ்கா கொட்டகையின் தூணில் சாய்ந்துகொண்டாள். கேட்டது கிடைத்துவிட்டது. ஐந்து நாளாக, இல்லை, இரண்டு வருடமாக வேண்டும் என்று நினைத்தது. மனைவியிடம் இரண்டு மாதம் மறைத்த ஒருவனிடம், இரண்டு தடவை விழுந்ததை மறைத்த ஒருவரை விட்டுவிட்டுப் போக வேண்டும். குளியலறையில் மூன்றாவது தடவை விழுந்தால், இந்த இரண்டு பேரில் யார் அவளுக்குச் சொல்வார்கள்?

"காலையில ஆறு மணிக்கு முதல் மாத்திரை," என்றாள். எங்கிருந்தாவது தொடங்க வேண்டியிருந்தது. "அதுக்கு முன்னாடி விரல்ல குத்திச் சர்க்கரை பார்க்கணும். எழுதிக்கோ."

அவன் எழுதிக்கொள்ள போனை எடுத்தான். எடுத்த கையிலேயே அது அதிர்ந்தது. திரையில் யூனிஸின் படம், பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு.

ஜாராவ் போனைக் கவிழ்த்துப் பிடித்தான். அது உள்ளங்கையில் துடித்துக்கொண்டேயிருந்தது.

"அப்புறம் பேசிக்கறேன். நீ சொல்லு. ஆறு மணிக்கு."

"எடு."

"அக்கா, இப்ப வேணாம்."

"நீ எடுத்து அவகிட்ட சொன்னாத்தான் நான் திங்கட்கிழமை கையெழுத்துப் போடுவேன். அப்பாய் இன்னைக்கு நடுக்காட்டுல, அத்தை முன்னாடி, சொன்னாரு. நீ போன்ல சொல்ல மாட்டியா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தத் தெம்பும் இல்லை. அவன் அவளைப் பார்த்தான். சின்ன வயதிலிருந்து அவனிடம் எதையும் நிபந்தனையாகக் கேட்டிராத அக்கா.

போனைத் திருப்பினான். விரல் திரையின் மேல் நின்றது. அழைப்பு நிற்கும் தறுவாயில் நகர்ந்தது.

"யூனிஸ்," என்றான். "இல்ல, சாப்பிட்டேன். இல்ல. ஒண்ணு சொல்லணும்."

பிரிஸ்கா மழையில் இறங்கினாள். குடை அத்தையிடம் காரில் இருந்தது. ஓடவில்லை. கேட்கக்கூடாதது கேட்காத தூரத்துக்கு எத்தனை அடி வேண்டுமோ அத்தனையும் நடந்தாள். கதவைத் திறந்து, சொட்டச் சொட்ட ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்தாள்.

பின்சீட்டில் அத்தை வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பாய் பக்கத்துக் கண்ணாடியைக் கையால் துடைத்துவிட்டு, கொட்டகையின் கீழே நின்ற மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜாராவ் போனைக் காதில் வைத்துக்கொண்டு, தலை குனிந்து, அந்தச் சின்னக் கொட்டகைக்குள் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தான்.

"யார்கிட்ட பேசறான்?" என்று கேட்டார் அப்பாய்.

"யூனிஸ்கிட்ட."

"என்னவாம்?"

திடீரென்று ஜாராவ் நின்றான். காதிலிருந்து போனை எடுத்தான். திரையைப் பார்த்தான். பிறகு மறுபடியும் காதில் வைத்துக்கொண்டான். எதிர்முனையில் யாராவது இருந்தார்களா என்பது காரிலிருந்து தெரியவில்லை.

"இன்னும் சொல்லி முடிக்கல அப்பாய்," என்றாள் பிரிஸ்கா.